ஆட்டக்களத்திலிருந்து நீதிபதி நாற்காலிக்கு



"நீங்க ஹிஸ்டரி படிச்சவர், ஏதாவது வரலாறா எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் கல்லூரியின் பழைய கதையைத்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் எழுத எடுத்துக்கொண்டது, நம்மில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒரு விளையாட்டை ஆடிய அமெரிக்கர் ஒருவரின் வரலாறு. இது எதற்கு நம் மலரில் என்று கேட்பவர்கள் கடைசி வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 'ஜஸ்டிஸ் பேஜ் மிடில் ஸ்கூல்' என்று இருந்தது. "யாரும்மா இந்த பேஜ்?" என்றேன். "அவர் ஜட்ஜ் தாத்தா. அதுக்கு முன்னாடி ஃபுட்பால் பிளேயர்" என்றாள். குழந்தை இரண்டு பேரைக் குழப்பிக்கொள்கிறது என்று நினைத்தேன். குழப்பிக்கொண்டது நான்தான். இரண்டும் ஒரே ஆள். அந்தப் பள்ளிக்கு முன்பு அலெக்ஸாண்டர் ராம்சே என்ற பழைய ஆளுநரின் பெயர் இருந்தது. 1862இல் டகோட்டா பழங்குடி மக்களை அழிக்க வேண்டும் அல்லது எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று பேசியவர் அவர். அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று மாணவர்களே கிளம்ப, 2017இல் பள்ளிக்கு ஆலன் பேஜ் பெயர் வந்தது. பிள்ளைகள் தேடிப் பிடித்து வைத்த பெயர் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

உருக்கு ஊரில் பிறந்த பையன்

ஆலன் பேஜ் 1945 ஆகஸ்ட் 7 அன்று ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரத்தில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். கேன்டன் உருக்காலைகள் நிறைந்த ஊர். பள்ளிப் படிப்பை முடித்த பையன்கள் அப்படியே ஆலைக்குள் போய்விடுவது அங்கே வழக்கம். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர் பேஜ். 1954இல், வெள்ளையர் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்பர் குழந்தைக்கு வேறு பள்ளி என்று பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. சட்டம் என்பது மனிதர்களின் வாழ்க்கையை மாற்றக்கூடிய ஒன்று என்ற எண்ணம் அப்போதே மனதில் விழுந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெர்ரி மேசன் கதைகளைப் பார்த்து, வக்கீல் ஆக வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. ஆக, பந்துக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் அப்போது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஃபுட்பாலின் தலைசிறந்த வீரர்களுக்குச் சிலை வைக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' மண்டபம். 1963இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய வேலையாட்களில் பதின்வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் ஆலன் பேஜ்.

அது என்ன ஆட்டம்?

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோகும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அவரைக் காக்க முன்னால் மலை மலையாக ஆட்கள் நிற்பார்கள். அந்த மலைகளை உடைத்துக்கொண்டு போய், பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை மண்ணில் சாய்ப்பது எதிரணியின் தடுப்பு வரிசை ஆட்களின் வேலை. அந்த வரிசையின் நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். பேஜ் ஆடியது அந்த இடம்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் கபடியில் கேட்ச் பிடிக்கிறவன் மாதிரி. பாடிப் போகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், பிடிக்கிறவனுக்குச் சிராய்ப்புதான் மிச்சம். ஆனால் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது பல நேரம் அவன்தான்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பேஜ், 1966இல் தேசிய சாம்பியன் பட்டம் பெற்ற அணியில் இருந்தார். ஆடிக்கொண்டே அரசியல் அறிவியல் படித்து 1967இல் பட்டமும் வாங்கினார். அதே வருடம் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை முதல் சுற்றிலேயே, நாடு முழுவதற்குமான வரிசையில் 15ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

ஊதாப் படை

வைக்கிங்ஸ் அணியின் சீருடை ஊதா நிறம். அதன் தடுப்பு வரிசையில் நான்கு பேர்: கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், ஆலன் பேஜ். 1958இல் வந்த ஒரு வேடிக்கைப் பாட்டின் பெயரை வைத்து இவர்களை 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று ரசிகர்கள் அழைத்தார்கள். ஆளை விழுங்கும் ஊதாப் படை என்று வைத்துக்கொள்ளலாம். 1969ஆம் ஆண்டுப் பருவத்தில் 14 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து இவர்களிடம் எடுத்த புள்ளிகள் வெறும் 133. அந்த ஆண்டு லீக்கிலேயே அதுதான் மிகக் குறைவு. மினசோட்டாவின் குளிர் எப்படி என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன், மூச்சு விட்டால் மீசையில் உறையும். அந்தக் குளிரிலும் பயிற்சியாளர் பட் கிராண்ட் மைதான ஓரத்தில் கணப்பு அடுப்பு வைக்க விடமாட்டார்.

பேஜ் ஆறடி நாலங்குலம், ஏறத்தாழ 111 கிலோ. அந்த இடத்தில் ஆடுபவர்களுக்கு அது பெரிய எடை அல்ல. எடையால் தள்ளாமல் வேகத்தால் ஜெயித்தார். பந்து அசைந்த அதே நொடியில் அவரும் அசைந்திருப்பார், எதிரே நிற்பவன் நிமிர்வதற்குள் தாண்டிப் போயிருப்பார்.

1971ஆம் ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. இதன் பெருமை நமக்கு உடனே விளங்காது. பந்தை எறிகிறவர்களுக்கும் ஏந்தி ஓடுகிறவர்களுக்கும்தான் அந்த விருது போகும். தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு 1986இல் லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்தது. மற்றபடி இந்த வரிசையில் வேறு பெயர் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர். அதை லீக் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982இல்தான். பேஜ் ஓய்வு பெற்றது 1981இல்! ஆக, லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கில் அந்த மனிதர் பெயரில் ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளைத் துருவி எண்ணியவர்கள் 148½ என்கிறார்கள். 15 ஆண்டுகளில் 218 ஆட்டம், ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. இதை எண்ணுவதற்கு யாரும் துருவ வேண்டியதில்லை.

ஆனால் கோப்பை? சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டிக்கு அவருடைய அணி நான்கு முறை போனது. 1970 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியிடம் 23–7, 1974இல் மயாமியிடம் 24–7, 1975இல் பிட்ஸ்பர்கிடம் 16–6, 1977இல் ஓக்லண்டிடம் 32–14. நான்கிலும் தோல்வி. நம்ம ஊரில் ஒரு ஃபைனலில் தோற்றாலே வருடக்கணக்கில் டீக்கடையில் பேசுவார்கள். நான்கு தோல்வியைச் சுமந்தவர் அதிலேயே நொந்து போயிருக்கலாம். பேஜ் நொந்து போகவில்லை. காரணம், அந்தக் கடைசித் தோல்வி நடந்தபோது அவர் கையில் இன்னொரு புத்தகம் விரிந்து கிடந்தது.

மூன்று வாரமும் மூன்று வருடமும்

மாணவத் தம்பிகள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஆட வந்த புதிதிலேயே பேஜ் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். மூன்றே வாரம்தான். ஒன்றும் பிடிபடவில்லை, விட்டுவிட்டார். பத்திரிகையில் பெயர் வருகிறது, சம்பளம் வருகிறது, நாடே கொண்டாடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று அத்தோடு இருந்திருக்கலாம். நம்மில் எத்தனை பேர் அரியர் பேப்பரை 'அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்று விட்டு, அந்த அடுத்த தடவை வராமலே போயிருக்கிறது!

பேஜ் திரும்பிப் போனார். 1975இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். ஏற்கெனவே லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், முப்பதை எட்டிவிட்டவர், தன்னைவிட இளைய பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டும் படிக்கவில்லை. அடிபட்ட உடம்போடு, வீங்கிய விரல்களோடு பாடம் படித்தார். அவருடைய ஒரு சுண்டுவிரல் ஆட்டத்தில் பிசகிப் பிசகிப் பக்கவாட்டில் அப்படியே வளைந்து நின்றுவிட்டது. பின்னாளில் அந்தக் கோணல் விரலை வைத்தே, ஆசிரியையான தன் மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதினார். 1978இல் சட்டப் பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைத்த அதே 1978இல் அணி அவரைக் கைவிட்டது. மனைவி டயேன் சிகரெட்டை விடுவதற்காக ஓடப் பழக, கூடவே இவரும் ஓட ஆரம்பித்து, நெடுந்தூர ஓட்டத்தில் மனம் போய், எடையும் இறங்கிவிட்டது. இந்த எடையை வைத்துக்கொண்டு நடுவில் நின்று தாங்க முடியாது என்பது பயிற்சியாளரின் கணக்கு. பருவத்தின் நடுவிலேயே வேண்டுமென்கிற அணி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அதற்காக அவர்கள் கட்டிய தொகை என்ன தெரியுமா? 100 டாலர்! ஏழு வருடத்துக்கு முன்னால் லீக்கிலேயே சிறந்தவர் என்று விருது கொடுத்த மனிதருக்கு நூறு டாலர்.

விளையாட்டு உலகம் மனிதனை மதிப்பிடும் முறை இதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. அந்த நூறு டாலர் மனிதர் சிகாகோவில் இன்னும் மூன்று பருவத்துக்கு மேல் ஆடினார். 1979இல் மாரத்தான் ஓட்டத்தையும் முழுதாக ஓடி முடித்தார், தொழில்முறை ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் ஆள் என்ற பெயரும் வந்தது. அதே ஆண்டு மினியாபொலிஸில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1981இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தான் கட்டிய மண்டபத்தில்

1988இல் ஹால் ஆஃப் ஃபேம் மண்டபத்தில் இடம் கிடைத்தது. சிறுவனாகக் கூலி வேலை செய்து எழுப்பிய அதே மண்டபம். தன்னை அறிமுகம் செய்து பேசப் பழைய பயிற்சியாளரையோ கூட ஆடியவரையோ அழைப்பதுதான் அங்கே பழக்கம். பேஜ் அழைத்தது மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையான வில்லரீன் பீஸ்லி என்பவரை. பேசியதும் ஆட்டத்தைப் பற்றி அல்ல, கல்வியைப் பற்றி.

அதற்குக் காரணமான ஓர் அனுபவத்தை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை அணியின் தடுப்பு வரிசை ஆட்களை உட்கார வைத்து, ஆட்ட வியூகங்கள் அச்சிட்ட புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சம் உரக்கப் படிக்கச் சொன்னார்களாம். எல்லாருமே கல்லூரியில் ஆடி வந்தவர்கள். அவர்களில் சிலரால் படிக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டித் தடுமாறினார்கள். அந்த மனிதர்கள் முட்டாள்கள் அல்ல. பள்ளிக்கூடமும் கல்லூரியும் அவர்கள் பந்தாட்டத்தைப் பார்த்தனவே தவிர, படிப்பைப் பார்க்கவில்லை. ஆள் ஜெயித்துக் கொடுத்தால் போதும் என்று வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த அறையின் சங்கடம் பேஜை விடவேயில்லை.

அதே 1988இல் அவரும் டயேனும் சேர்ந்து ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். மினசோட்டாவின் கறுப்பின, சிறுபான்மை மாணவர்கள் மேல்படிப்புப் படிக்க உதவித்தொகை. ஆயிரக்கணக்கானவர்கள் பயன்பெற்றார்கள். அதில் ஒரு நிபந்தனை வைத்தார் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பணம் வாங்கும் மாணவர் சும்மா வாங்கிக்கொண்டு போகக் கூடாது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்குப் படிப்பில் துணை இருக்க வேண்டும். நன்றிக் கடிதம் தேவையில்லை, நேரத்தைக் கொடு என்பதுதான் ஏற்பாடு.

தேர்தலுக்கே வழக்கு

1985 முதல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மக்கள் வாக்கில் தேர்வாகிறவர்கள். 1992இல் ஓர் இடத்துக்குப் போட்டியிட நினைத்தார். அந்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக் காலத்தை, ஒரு சட்டப் பிரிவைக் காட்டி, ஆளுநர் நீட்டித்துவிட்டார். அதனால் தேர்தலே இல்லை என்றானது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பார்கள். பேஜ் வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதியைப் பற்றிய வழக்கை அந்த நீதிபதிகளே விசாரிப்பது முறையல்ல என்று தனி அமர்வு அமைத்து விசாரித்தார்கள். பேஜ் பக்கம் தீர்ப்பானது. தேர்தல் நடந்தது. ஜெயித்தார். 1993 ஜனவரியில் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகப் பதவியேற்றார்.

1998, 2004, 2010 என்று மறுபடி மறுபடி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுபது வயது ஆனால் விலக வேண்டும் என்பது அங்கே சட்டம். 2015 ஆகஸ்டில் எழுபது நிறைந்ததும் விலகினார். களத்தில் 15 வருடம், நீதிமன்றத்தில் 22 வருடத்துக்கு மேல். எது அவருடைய 'கேரியர்', எது பக்கத் தொழில் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவரும் டயேனும் வருடக்கணக்காகச் சேர்த்த பழம்பொருட்களை 2018இல் மினியாபொலிஸ் மத்திய நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அடிமை முறைக் காலத்துப் பொருட்கள், கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிய அறிவிப்புப் பலகைகள், லிங்கனின் இறுதி ஊர்வல ரயிலோடு தொடர்புடைய ஒரு துணிப் பதாகை. வரலாறு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவமானத்தின் சாட்சியத்தையும் பணம் கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்த ஒரு தனி மனவலிமை வேண்டும். அதே 2018இல் டயேன் காலமானார். அந்த நவம்பரில் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் பேஜுக்கு வழங்கப்பட்டது. 2020இல், தரமான அரசுப் பள்ளிக் கல்வி ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று, மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கித் தலைவர் நீல் கஷ்காரியோடு சேர்ந்து ஒரு திருத்தத்தை முன்வைத்தார். ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. ஆனாலும் எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் அதற்காக ஊர் ஊராகப் பேசினார்.

நம் மலரில் இது எதற்கு?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் செட்டில் கபடி கேப்டனாக இருந்தவனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயர் வேண்டாம், அவன் குடும்பத்தார் இதைப் படிக்கக்கூடும். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறை. அவன் பிடித்தால் எதிராளி கோட்டைத் தொட முடியாது. கோப்பை வாங்கி வந்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு கேட்டிலிருந்து மெஸ் வரை போனோம். அவனுக்கு மூன்று பேப்பர் பாக்கி. பரீட்சைக்கு முந்தின வாரம் என் அறை வாசலில் வந்து நின்று, "மாப்ளே, இதக் கொஞ்சம் சொல்லிக் கொடுடா" என்றான். எனக்கும் பரீட்சை. "நாளைக்கு வாடா" என்றேன். அந்த நாளை வரவில்லை. அவன் பட்டம் வாங்கவில்லை. சில வருடத்தில் முழங்காலும் போய்விட்டது. அவன் ஜெயித்த கோப்பை இன்றும் நம் கல்லூரி அலமாரியில் இருக்கிறது, அவன் இல்லை.

அவனைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காதவர்களிலும் நானே ஒருவன். யாரைக் குறை சொல்வது?

ஆலன் பேஜ் போல எல்லாரும் நீதிபதி ஆக முடியாது. அது தேவையும் இல்லை. ஆனால் நம் கல்லூரிக்காக வியர்வை சிந்தும் ஒரு பிள்ளையும் அரியரோடு வெளியே போகக் கூடாது என்பது நம்மால் முடிகிற காரியம். சங்கம் வருடா வருடம் சுழற்கேடயம் கொடுக்கிறது, நல்லது. அதோடு, உள்ளூரிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற நாம் பத்துப் பேர், வாரத்தில் இரண்டு மாலை ஹாஸ்டலுக்குப் போய் விளையாட்டுப் பிள்ளைகளோடு புத்தகத்தை விரித்து உட்காரலாமே. இந்தக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடும் தம்பி தங்கைகளே, நன்றாக ஆடுங்கள். ஆட்டம் முடிந்து மெஸ்ஸில் சாப்பிட்டதும் புத்தகத்தோடு வாருங்கள். "நாளைக்கு வா" என்று இந்த முறை நான் சொல்லமாட்டேன்.